மெஷினுக்கு நாலு ஸ்டார், மற்றதுக்கு ரெண்டு: ராமநாதபுரத்தில் எடுத்த மேமோகிராம்

சென்டர் பெயரைப் போடப் போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் டவுனில் இருக்கிற ஸ்கேன் சென்டர்களில் ஒன்று, அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் "எங்க மாமா பையன்தான் அங்க மேனேஜர், எடுத்துடுங்கக்கா" என்று யாராவது போன் போடுவார்கள்; நம் ஊரில் யாருக்கு யார் சொந்தம் என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. அப்புறம், நான் எழுதப்போவதில் பாதிக்கு மேல் எந்த சென்டருக்குப் போனாலும் பொருந்தும்.

மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற எக்ஸ்ரே, எடுக்க மண்டபத்திலிருந்து கிளம்பியது நான் (48), என் மதினி (57), பக்கத்து வீட்டுப் பெண் (31). மூன்று பேருக்கும் கட்டியோ வலியோ எதுவும் கிடையாது, வீட்டில் யாருக்கும் இந்த நோய் வந்ததும் இல்லை. போன நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் ஆண்கள் எல்லாம் கரையில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது, கையில் காசுதான் இல்லை. சென்டர்க்காரர்களுக்கும் இது தெரியும் போல, மகளிர் தினத்துக்குப் போட்ட ஆஃபரை அப்படியே நீட்டி வைத்திருந்தார்கள். சுகர், தைராய்டு, ஹீமோகுளோபின், வயிறு ஸ்கேன், இரண்டு பக்க மேமோகிராம் எல்லாம் சேர்த்து 2,999 ரூபாய். மேமோகிராம் மட்டும் என்றால் 1,800. வாசலில் தொங்கிய ஃப்ளெக்ஸில் "25 வயதுக்கு மேற்பட்ட அனைத்துப் பெண்களும்! ஒரே டெஸ்ட், கேன்சர் பயம் இனி இல்லை!" என்று பிங்க் எழுத்தில் போட்டிருந்தது. இந்த ஒரு வரியில் இருக்கிற இரண்டு வாக்குறுதியும் தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம்.

கவுண்டரில் இருந்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். டோக்கன் கொடுத்து உட்காரவைத்தார்கள், ஏசி ஓடியது, பாத்ரூம் சுத்தமாக இருந்தது. (வயிறு ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) மேமோகிராம் எடுப்பது பெண் டெக்னீஷியன். கீழக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு லாத்தா பணம் கட்டுவதற்கு முன்னாடியே, உள்ளே ஆண்கள் யாரும் வரமாட்டார்கள்தானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பர்ஸையே திறந்தார். யாரும் வரவில்லை. கதவுக்கு உள்ளே திரை, திரைக்குப் பின்னால் மாற்றிக்கொள்ள இடம், முன்பக்கம் திறக்கிற காட்டன் கவுன். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புடவையில் போவதைவிட சுடிதாரிலோ, மேலுடை தனி கீழுடை தனியாக இருக்கிற எதிலாவதோ போனால் வேலை சுலபம்.

கொஞ்சம் களேபரம் ஆனது நகையில்தான். கழுத்தில் கிடப்பது படத்தில் விழுந்தால் அந்த இடத்தை மறைத்துவிடும், அதனால் கழற்றச் சொல்கிறார்கள். தாலியைக் கழற்றமாட்டேன் என்று மதினி ஒரே பிடிவாதம். எங்களுக்கு முன்னாடி போன தங்கச்சிமடத்து அம்மாவுக்கு உத்தரியம் (கிறிஸ்தவர்கள் கழுத்தில் போடுகிற புனிதக் கயிறு), அந்த லாத்தாவுக்குக் கருகமணி. டெக்னீஷியன் பிள்ளை யாரிடமும் வாதாடவில்லை. செயினை முதுகுப்பக்கம் தள்ளி பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள், முடிந்தது கதை. நம் பக்கத்துப் பெண்களை அறிந்தவள் செய்கிற வேலை அது.

அடுத்தது பவுடர். நம் வெயிலுக்கும் கடற்காற்றுப் பிசுபிசுப்புக்கும் அக்குளிலும் நெஞ்சிலும் பவுடர் அள்ளிப் போடாமல் யார் பஸ் ஏறுகிறோம்? பவுடரும், ரோல்-ஆனில் இருக்கிற அலுமினியமும் படத்தில் வெள்ளை வெள்ளைப் புள்ளியாக விழும். ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் சில சமயம் தென்படுகிற நுண்ணிய சுண்ணாம்புப் படிவும் படத்தில் வெள்ளைப் புள்ளிதான். எது எது என்று படம் பார்க்கிற டாக்டர் குழம்பினால் நஷ்டம் நமக்கு. புக்கிங் போனிலேயே "அன்னைக்கு பவுடர் போடாம வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அங்கே போன பிறகு ஈரத்துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார்கள்.

எல்லாரும் கேட்கிற கேள்வி, வலிக்குமா? வலிக்கும், ஆனால் பேசிக்கொள்கிற அளவுக்கு இல்லை. நின்றுகொண்டே எடுப்பதுதான். கீழே ஒரு பலகை, மேலே கண்ணாடியாகத் தெரிகிற பிளாஸ்டிக் தகடு. டெக்னீஷியன் மார்பைக் கையால் ஏந்தி முன்னால் இழுத்துப் பலகையில் பரத்தி, "தோளைத் தளரவிடுங்கக்கா, அங்க பாருங்க, முகத்தைத் திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே பெடலை மிதிக்கிறாள், தகடு இறங்குகிறது. போதும் என்று நாம் நினைக்கிற இடத்துக்கு அப்புறமும் கொஞ்சம் இறங்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள், சில நொடி, டிக் என்று ஒரு சத்தம், தகடு தானாக மேலே போய்விடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு படம்: மேலிருந்து கீழாக ஒன்று, அக்குள் சதையையும் சேர்த்துச் சாய்வாக ஒன்று. சாய்வுப் படம்தான் சிரமம், பலகையின் மூலை அக்குளில் நன்றாகக் குத்தும். "இப்படிப் போட்டு நசுக்குறதுக்கு நான் காசு வேற குடுக்கணுமா" என்று மதினி உள்ளிருந்து கத்தியது எங்களுக்கு வெளியே கேட்டது. அழுத்தாமலும் முடியாது. அழுத்தினால்தான் சதை பரவி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைக்காமல் தெரியும், படம் ஆடாது, கதிர்வீச்சும் குறைவாகப் போதும். மாதவிடாய் நிற்காதவர்கள், அது வருவதற்கு முந்தின வாரம் போகாதீர்கள், அப்போதுதான் மார்பு கனத்து வலி அதிகம். முடிந்த அடுத்த வாரம் சரியான நேரம்.

கதிர்வீச்சு பற்றியும் பயப்படுகிறார்கள். நாலு படத்துக்கும் சேர்த்து சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கிற உடம்பில் வருஷத்துக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட் வரை பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அதாவது இது இரண்டு மாதத்துக் கணக்கு. சுவரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமச் சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். எக்ஸ்ரே வைத்திருக்கிற எந்த இடமும் அதை வாங்கியாகவேண்டும், நீங்கள் போகிற இடத்தில் கண்ணில் படாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். மெஷின் டிஜிட்டல், படம் தெளிவாக இருந்தது, பிற்பாடு பார்த்த டாக்டரும் அதைச் சொன்னார். ஆக மெஷினுக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து நாலு ஸ்டார்.

இனி ரெண்டு ஸ்டார் கதை.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் வெளியூர்க்காரர், படம் நெட்டில் அவருக்குப் போய் அங்கிருந்து வருகிறது. அது தப்பில்லை, நம் மாவட்டத்தில் மார்பகப் படம் பார்த்துப் பழகிய டாக்டருக்கு எங்கே போவது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கிற எண்ணை நமக்கு விளக்கிச் சொல்ல சென்டரில் ஒரு ஆள் இல்லை. நானே சொல்லிவிடுகிறேன். பை-ராட்ஸ் என்று போட்டு ஒரு எண் இருக்கும். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் சாதுவானது. 3 என்றால் அநேகமாக சாதுதான், புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வாய்ப்பில்லை, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும். 4 வந்தால் சதை எடுத்து டெஸ்ட். 5 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் புற்றுநோய்தான். ஆளைக் குழப்புவது 0. பூஜ்யம்தானே, ஒன்றுமில்லை போல என்று நினைக்கத் தோன்றும். "இந்தப் படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லமுடியாது, இன்னும் பார்க்கவேண்டும்" என்பதற்குத்தான் 0 போடுகிறார்கள்.

மதினிக்கு 1 வந்தது. எனக்கு இடதுபக்கம் 0.

போன் போட்டுக் கேட்டால், "டாக்டரைப் பாருங்க மேடம்." எந்த டாக்டரை? "உங்க டாக்டரை." எனக்கு ஏது டாக்டர், காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்குகிற குடும்பம் நாங்கள். கடைசியில் மார்புக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கவேண்டும், 900 ரூபாய், ஸ்கேன் பார்க்கிற டாக்டர் அடுத்த வாரம்தான் வருவார் என்றார்கள். ஸ்கேன் மெஷின் அதே கட்டடத்தில் அதே மாடியில் இருக்கிறது! அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைக்கிற அளவுக்குப் போய்விட்டேன். ஸ்கேனில் தெரிந்தது வெறும் நீர்க்கட்டி, எதுவும் செய்யவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை இது, டெஸ்டின் குணமே இதுதான். பிரிட்டனில் 100 பேர் மேமோகிராம் எடுத்தால் 4 பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், அந்த நாலு பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். அமெரிக்காவில் கூப்பிடுவது 10 பேர் அளவில். அங்கே வருஷா வருஷம் தவறாமல் பத்து வருஷம் எடுத்துக்கொள்கிற பெண்களில் பாதிப்பேர் ஒரு தடவையாவது இப்படி வீணாகப் பயந்திருப்பார்கள். ஆனால் திரும்பக் கூப்பிட்டால் கூடிய சீக்கிரம் முடிவு சொல்கிற ஏற்பாடு வேண்டாமா? படம் எடுப்பதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, சந்தேகம் வந்தால் "உங்க டாக்டரைப் பாருங்க" என்பது அரை வேலை. என் முக்கியமான புகார் இதுதான்.

சரி, இவ்வளவு பாட்டுக்கும் பலன் உண்டா? உண்டு, ஆனால் ஃப்ளெக்ஸ் சொல்கிற அளவில் இல்லை. பலன் அதிகமா, கெடுதல் அதிகமா என்று டாக்டர்களுக்குள் நடந்த சண்டையைத் தீர்க்க பிரிட்டனில் ஒரு சுதந்திரக் குழு போட்டு, 2012-ல் அவர்கள் ஒரு கணக்கு கொடுத்தார்கள். 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை அடுத்த 20 வருஷத்துக்கு இந்தப் பரிசோதனைக்கு அழைத்தால், மார்பகப் புற்றுநோயால் சாகவிருந்த 43 பேர் பிழைப்பார்கள். அதே 10,000 பேரில் 129 பேருக்கு, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் ஆயுசுக்கும் தொந்தரவு கொடுத்திருக்காத புற்றுநோயைக் கண்டுபிடித்து சிகிச்சை கொடுப்பார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்த 129 பேருக்கும் ரிப்போர்ட் தப்பு இல்லை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் புற்றுநோய்தான், சிலருக்குப் பால் குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கிற வகை. எது வளர்ந்து வெளியே வரும், எது அப்படியே கிடக்கும் என்று ஒவ்வொருவருக்கும் பிரித்துச் சொல்ல இன்றைக்கு வழியில்லாததால் எல்லாருக்கும் ஆபரேஷன், கதிர், மாத்திரை. தனக்கு அநாவசியமாகச் செய்தார்கள் என்று அந்தப் பெண்ணுக்கே கடைசிவரை தெரியாது. "நல்லவேளை சீக்கிரம் பார்த்தாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவும் இல்லை. ஸ்வீடனில் 1977-ல் தொடங்கிய ஆய்வில் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. கனடாவில் 25 வருஷம் தொடர்ந்து பார்த்து 2014-ல் வெளியிட்டதில், மேமோகிராம் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசமே இல்லை. மேலே சொன்ன பிரிட்டன் குழு எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்து 20 சதவீதம் குறைகிறது என்று நிறுத்திக்கொண்டது. எனக்கு இந்த 20 நியாயமாகத்தான் படுகிறது.

ஸ்கேனுக்குக் காத்திருந்த அன்றைக்கு இந்த 43, 129 கணக்கை மதினியிடம் சொன்னேன். "நான் அந்த நாப்பத்தி மூணுல ஒருத்தியா இருந்துட்டுப் போறேன், உனக்கென்ன" என்றார். அன்றைக்கு ரிப்போர்ட்டைக் காட்ட வந்திருந்த அந்தக் கீழக்கரை லாத்தா இதைக் கேட்டுவிட்டு, "இல்லாத நோய்க்கு அறுத்துக்கிட்டு மகளுக கல்யாண வயசுல ஆஸ்பத்திரியில கெடக்கவா? எனக்கு வேணாம், இதோட சரி" என்றார். இரண்டு பேரும் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் பேசினார்கள் என்பது என் எண்ணம். அவரவர் உடம்பு, அவரவர் குடும்பம். சென்டர் வேலை அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு பில் போடுவது. அங்கே நான் வாங்கிய எந்தப் பேப்பரிலும் அது இல்லை.

அடுத்து அந்த "25 வயதுக்கு மேற்பட்ட அனைவரும்". உலகத்தில் வயதைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு இருப்பது உண்மைதான். பிரிட்டனில் 50-லிருந்து 71 வரை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்கிற குழு 2009-ல் 50-லிருந்து போதும் என்றது, 2024-ல் 40-லிருந்து 74 வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று மாற்றிக்கொண்டது. இப்படி மாறி மாறிச் சொன்னாலும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாத, தொந்தரவு எதுவுமில்லாத 25 வயதுப் பெண்ணுக்கு மேமோகிராம் எடு என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. எங்களோடு வந்த 31 வயதுப் பெண்ணுக்கு அது வேண்டாம், அதை எடுத்துவிட்டு பேக்கேஜ் விலையைக் குறையுங்கள் என்று கவுண்டரில் கேட்டேன். "சிஸ்டம்ல வராது மேடம்." சரி காசு கட்டியாச்சு, எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வந்த ரிப்போர்ட்டில், மார்பு மிக அடர்த்தி, டி வகை, சரியாகத் தெரியவில்லை, அல்ட்ராசவுண்ட் எடுக்கவும்! இன்னொரு 900.

இந்த அடர்த்தி விஷயம் முக்கியம். மார்பில் கொழுப்பு படத்தில் கறுப்பாகத் தெரியும், சுரப்பிச் சதை வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். வயது ஏற ஏறக் கொழுப்பு கூடுவதால் மதினி வயதில் படம் பளிச்சென்று இருக்கும். முப்பது வயதில் எல்லாம் வெள்ளை, அதில் கட்டியைக் கண்டுபிடிப்பது வாலிநோக்கம் உப்பளத்தில் கொட்டின சீனியைப் பொறுக்குகிற வேலை. அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று நாலாகப் பிரித்து ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள், என்னுடையது சி. சி, டி வந்தவர்கள் "நார்மல்" என்பதைப் பாதி நம்பிக்கையோடு எடுத்துக்கொள்வது நல்லது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ சின்ன வயதிலேயே வந்திருந்தால் விஷயம் வேறு, அவர்கள் பேக்கேஜ் பக்கமே போகாமல் நேராகப் புற்றுநோய் டாக்டரிடம் கேட்கவேண்டும்.

இப்போது ஃப்ளெக்ஸின் இரண்டாவது பொய், "பயம் இனி இல்லை". மேமோகிராம் எட்டுப் புற்றுநோயில் ஒன்றைத் தவறவிடும், நல்ல மெஷின், நல்ல டாக்டர் இருந்தாலும். எங்கள் பின்தெருவில் பாசி எடுக்கப் போகிற ஒருவர் இருக்கிறார். மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டு, ஒரு முகாமுக்குப் போய், அங்கே படம் எடுத்து "நார்மல்" என்று பேப்பர் கொடுத்துவிட்டார்கள். அவர் கட்டி இருக்கிறது என்று சொன்ன இடத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பேப்பர் நார்மல் என்கிறதே என்று அவர் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அவர்களுக்கு வேலை, அந்த நாளை விட்டால் அந்த மாதக் காசு போச்சு. கட்டி பெரிதாகி அக்குளிலும் நெறி கட்டிய பிறகுதான் மதுரைக்குப் போனார்கள். இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறது, முடி கொட்டிவிட்டது, ஆள் தைரியமாகத்தான் இருக்கிறார்.

கட்டி இருந்தாலோ, தோல் உள்ளே இழுத்தாலோ, காம்பு புதிதாக உள்வாங்கினாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, உங்களுக்கு இந்த பேக்கேஜ் கிடையாது. ஃப்ளெக்ஸில் விற்கிற மேமோகிராம், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. தொந்தரவு இருக்கிறவருக்கு டாக்டர் கையால் பார்க்கவேண்டும், படம் எடுக்கவேண்டும், ஊசி குத்திச் சதை டெஸ்ட் பண்ணவேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு. படம் மட்டும் நார்மல் என்றால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சர்ஜரி ஓ.பி.க்கு நேராகப் போங்கள், சீட்டு போட்டு உட்கார்ந்தால் பார்ப்பார்கள், காசும் இல்லை.

நம் நாட்டில் இந்தப் பரிசோதனையைவிடப் பெரிய பிரச்சினை, கட்டி இருந்தும் இப்படித் தாமதமாகப் போவதுதான் என்பது என் கட்சி. மேற்கத்திய நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே நோய் வருகிற விகிதம் பாதிக்கும் குறைவு, ஆனால் வருகிறவர்களுக்கு அங்கேயுள்ளவர்களைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னாடியே வருகிறது, ஆஸ்பத்திரிக்கு வரும்போது பாதிப்பேருக்கு மேல் முற்றிப்போய் வருகிறார்கள். 2022-ல் மட்டும் இந்தியாவில் புதிதாக வந்தது சுமார் 1,92,000 பேருக்கு, இறந்தவர்கள் சுமார் 98,000. மார்போடு நிற்கும்போதே வந்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள், உடம்பு முழுக்கப் பரவிய பிறகு வந்தால் 18 பேர்தான்.

மும்பையில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்காரர்கள் 1998-ல் தொடங்கி இருபது வருஷம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். சுமார் ஒன்றரை லட்சம் குடிசைப்பகுதிப் பெண்கள். மேமோகிராம் கிடையாது, மெஷினே கிடையாது. பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள், டாக்டர்கள்கூட இல்லை, அவர்களில் பாதிப்பேரின் மார்பை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் பரிசோதித்தார்கள், மீதிப்பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு, 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை, எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்கிற அளவுக்குக் குறையவில்லை. முற்றிப்போய் வருவது மட்டும் குறைந்தது. மத்திய அரசு 2016-ல் போட்ட வழிகாட்டுதலும் 30-லிருந்து 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கையால் பரிசோதனை என்றுதான் சொல்கிறது, எல்லாருக்கும் மேமோகிராம் என்று சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் சிஸ்டரிடம் கேட்டால் பார்ப்பார்கள். சுகர், பிரஷர் பார்க்கப் போகிற அன்றைக்கே கேட்டுவிடுங்கள், அதற்கென்று தனியாக யாரும் பஸ் ஏறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒன்று. சில முகாம்களில் "வலியில்லை, கதிர்வீச்சு இல்லை" என்று சொல்லி உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கிற டெஸ்ட் ஒன்று போடுகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எஃப்.டி.ஏ. அது மேமோகிராமுக்கு மாற்றே இல்லை என்று எச்சரித்திருக்கிறது. அதற்குக் கொடுக்கிற காசுக்கு நல்ல மீன் வாங்கிச் சாப்பிடலாம்.

ஆக, யார் இந்த சென்டருக்குப் போகலாம்? ஐம்பது தாண்டியவர்கள், லாபம் நஷ்டம் இரண்டும் தெரிந்து, அப்படியும் வேண்டும் என்பவர்கள், தாராளமாக, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பேக்கேஜ் வேண்டாம், 1,800 கட்டி மேமோகிராம் மட்டும். நாற்பதுகளில் இருப்பவர்கள் யோசித்துப் போங்கள், என் மாதிரி 0 வாங்கி 900 கூடக் கட்ட நேரலாம், ஒரு வாரத் தூக்கமும் போகலாம். நாற்பதுக்குக் கீழே, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள், அந்தக் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்னாடி போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஸ்கேன் பார்க்க டாக்டர் இருப்பாரா, சதை டெஸ்டுக்கு எங்கே அனுப்புவீர்கள்? பதிலில் இழுத்தால், பாம்பன் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ராமேசுவரத்திலிருந்தே ரயில் ஓடுகிறது, ஒரு நாள் ஒதுக்கி மதுரையில் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடத்தில் பார்த்துவிடலாம். சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும், அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. புகாரையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். 25 வயது என்கிற வரியை அடுத்த ஃப்ளெக்ஸில் எடுத்துவிடுகிறோம் என்றார், ஸ்கேன் டாக்டர் விஷயத்துக்குத் தலையைச் சொறிந்தார். போன வாரம் டவுனுக்குப் போனபோது பழைய ஃப்ளெக்ஸ்தான் தொங்குகிறது. மதினி இரண்டு வருஷம் கழித்து இங்கேயேதான் வருவேன் என்கிறார், அந்த டெக்னீஷியன் பிள்ளைக்காக. அதற்குள் படத்தின் சிடியை வாங்கி பீரோவில் வைத்தாயிற்று. அடுத்த தடவை பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால் வீணாகத் திரும்பக் கூப்பிடுவது குறையும். நீங்களும் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், சிடிக்குத் தனியாக 100 ரூபாய் கேட்பார்கள், கொடுத்து வாங்கிவிடுங்கள்.